ஊர்ப்பெயர் மட்டும் போதுமா?

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு பிரிமியர் ஹாக்கி லீக் என்னும் தொழில்முறை வளைகோற்பந்துத் தொடர் தோன்றியது. இந்திய ஹாக்கிச் சம்மேளனமும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் இணைந்து அதனை நடத்தின. ‘சென்னை வீரன்ஸ்’ முதலிய குழுக்கள் ஊர்ப்பெயர் சூடின. ஆயினும் முதலாண்டு ஆட்டங்கள் ஹைதராபாத்திலேயே நடந்தன. ஹைதராபாத் சுல்தான்ஸ் குழுவே கிண்ணம் வென்றது.

70 நிமிட ஆட்டம், இரு பாதிகளாக அன்றி, நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அதனால் விளம்பரங்களுக்கும் இடம் கிட்டியது.

2008-இல் இந்தியக் குழு பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை. அவ்வாண்டே சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டது. தொடரும் நான்காம் ஆண்டோடு நின்றது. தாங்கிய தூண் சாய்ந்தபின் மண்டபம் நிற்குமா?

நான்கு பகுதி முறையோ மறையவில்லை; 2014-இல் அனைத்துலக ஆட்டங்களும் அம்முறையை ஏற்றன. குழுவின் வேர் ஊரிலேயே ஊன்றவேண்டும் என்பது மலாக்காக் கழகங்களும் கொள்ளத்தக்க பாடமாகும்.