மூலநிரலும் முயற்சியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலை என்னும் பழம்பெரும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றின் பாறைச் சரிவில் இசைக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல்வெட்டில், சுரக்கோவைகள் ஏழு பிரிவுகளாகப் பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்துள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன், மாணவரின் நன்மைக்காக அவற்றை இயற்றினான் என்று கல்வெட்டின் இறுதிப் பகுதி கூறுகின்றது. பாடலைக் கேட்டு இன்புறுவோர் பலர். ஆயினும், அதன் சுரங்களை அறிந்தவரே அதனை முறையாகக் கற்கவும், பிழை நேரின் திருத்தவும், பிறர்க்குக் கற்பிக்கவும் வல்லவராவர்.

கணினிக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினியை இயக்கும் நிரல்களை அறிஞர் முதலில் மனிதர் படித்தறியக்கூடிய மொழியில் எழுதுகின்றனர். அதற்கு மூலநிரல் என்று பெயர். தொகுப்பி என்னும் கருவிநிரல், அதனைப் பொறிக்கு விளங்கும் குறிகளாக மாற்றுகின்றது. அவ்வாறு மாற்றப்பெற்றதே இருமநிரல். மூலநிரல் சுரக்கோவை போன்றது. இருமநிரல் பாடி முடித்த பாட்டைப் போன்றது. இருமநிரலை மட்டும் பெற்றவர் அதனை இயக்கலாம். ஆனால், அஃது எவ்வாறு அமைந்தது என்பதை அறிதல் அரிது.

மூலநிரலை எல்லார்க்கும் திறந்து வைத்தல் வேண்டும் என்னும் நோக்குடன் அமெரிக்க நாட்டினரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை உருவாக்கி வெளியிட்டார். கணினியின் உறுப்புகளுக்கும் பிற நிரல்களுக்கும் இடையே நின்று வேலைகளைப் பங்கிட்டுத் தருவது கருநிரலேயாகும். இவ்விரண்டும் இணைந்து பல இயங்குதளங்கள் பிறந்தன. தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம் பெற்றிருந்தது.

பாஸ் போன்றவை பிறரால் முன்னரே தொகுக்கப்பெற்று ஆயத்தமாக வருபவை. அவற்றினின்றும் வேறுபட்டது ஜென்டூ என்பது. டேனியல் ராபின்ஸ் என்பார் தொடங்கிய இதன் முதற்பதிப்பு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீரில் மிக விரைந்து நீந்தும் ஒருவகைப் பெங்குவின் பறவையின் பெயரே இதற்கு இடப்பட்டது. இதனை நிறுவுவோர், வேண்டிய நிரல்களின் மூலநிரலைப் பெற்றுத் தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்கின்றனர்.

புதுக்கோட்டையில் வாழும் மாணவர் ஒருவர் இம்முயற்சியை மேற்கொள்கின்றார் எனக் கொள்க. முதலில் அவர் தம் கோப்புகளுக்குப் படி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். வன்தட்டைப் பிரிக்கும்போது கைதவறினால் உள்ளவை யாவும் அழியும். பின்னர்ப் பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி, வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ‘மூன்றாம் நிலை’ எனப்படும் அடிப்படைத் தொகுப்பை அதில் விரிக்கின்றார். எல்லாவற்றையும் தொகுக்கப் புகுந்தவர்க்கு இவ்வாயத்தத் தொகுப்பு எதற்கு என்னும் ஐயம் எழலாம். தயிர் உறைய முன்னைத் தயிரில் சிறிது பிரை வேண்டுமன்றோ? அதுபோலவே, தொகுப்பியைத் தொகுப்பதற்கும் ஒரு தொகுப்பி முன்னரே வேண்டும். அதனைத் தருவது இவ்வடிப்படைத் தொகுப்பே.

அடுத்து அமைப்புக் கோப்பை எழுதும் வேலை வருகின்றது. ஒரே வேளையில் எத்தனைத் தொகுப்பு வேலைகள் நடைபெறலாம் என்பதை அதில் குறித்தல் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஏறத்தாழ 2 கிகாபைட் நினைவகம் தேவை எனக் கொண்டால், 4 கிகாபைட் உடைய கணினிக்கு இரண்டு வேலைகளே தகும். பேராசையால் எட்டு என எழுதினால், நினைவகம் போதாமல் தொகுப்பு இடையிலே முறியும். ‘யூஸ் கொடிகள்’ என்பனவும் அக்கோப்பிலேயே உள்ளன. அச்சுப்பொறி இல்லாதவர் அச்சிடும் வசதியை இவற்றால் விலக்கலாம். தமிழ் இடைமுகம் வேண்டுவோர் மொழிக்குரிய வரியில் தமிழைக் குறிக்கலாம். ஒரு நிரலுக்குத் துணையாக வேறெந்த நிரல்கள் முன்னர் வேண்டும் என்பதைப் போர்ட்டேஜ் என்னும் கருவி ஆராய்ந்து, அவற்றை முறைப்படி தொகுக்கின்றது. பெரிய உலாவி ஒன்றைத் தொகுக்கப் பல மணி நேரம் செல்லக்கூடும். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால், எஞ்சிய நிரல்களை மட்டும் தொடரும் கட்டளையும் உண்டு.

கருநிரலை அமைப்பதே புதியவர்க்குப் பெருஞ்சோதனையாகும். ஒவ்வோர் உறுப்புக்குமுரிய இயக்கியைக் கருநிரலினுள்ளேயே சேர்க்கலாம், தனிக்கூறாக வன்தட்டில் வைக்கலாம், அன்றி விட்டும்விடலாம். வன்தட்டைப் படிப்பதற்குரிய இயக்கியையே தனிக்கூறாக்கி, அதனைத் தொடக்கத்தில் தருவதற்கு வேறு ஏற்பாடும் செய்யாமல் விட்டால் என்னாகும்? பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். கணினி இயங்கத் தொடங்கியவுடனே, மூலக்கோப்பகத்தைத் திறக்க இயலவில்லை என்னும் செய்தியைக் காட்டி நின்றுவிடும்.

இவ்விடத்தில் பலர் மனந்தளர்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவர். அது வேண்டுவதன்று. திரையில் தோன்றும் செய்தியை ஒரு வரி விடாமல் படித்தல் வேண்டும். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பென்டிரைவின் துணையால் மீண்டும் உட்புகுந்து, இயக்கியைக் கருநிரலினுள் சேர்த்து, கருநிரலை மட்டும் மறுபடி தொகுத்தால் போதும். நோயின் காரணம் நாடி மருந்திடும் மருத்துவரின் முறை இதுவே.

இவ்வளவு உழைப்பால் கணினி பன்மடங்கு விரைவு பெறும் என்று எண்ணுதல் தவறு. பெரும்பாலும் அவ்வேறுபாடு சிறிதே. எல்லாரும் இவ்வழியையே பின்பற்றுதல் வேண்டும் என்பதும் இல்லை. ஜென்டூவும் 2023ஆம் ஆண்டு இறுதியிலிருந்து, விரும்புவோர்க்கு ஆயத்தத் தொகுப்புகளை விரிவாக வழங்கத் தொடங்கியது. ஆயினும், ஒருமுறையேனும் மூலத்திலிருந்து தொடங்கிக் கட்டியவர், கணினியின் எந்தப் பகுதி எதற்காக உள்ளது என்பதை அறிவார். பழுது நேர்ந்தால் அவர் கலங்கார். பிறர் கணினியில் நேர்ந்த பழுதையும் நீக்க முன்வருவார்.

குடுமியான்மலை அரசன் சுரங்களைத் தன் அரண்மனைக்குள் மறைத்து வைக்கவில்லை. யாவரும் காணப் பாறையிலே பொறித்தான். மூலநிரலை உலகிற்கு வழங்கியோர் செய்ததும் அத்தகைய செயலே. கல்வெட்டு கண்முன் நின்றாலும், கற்பவரின் முயற்சி இன்றேல் அது வெறுங்கல்லே. திறந்து வைக்கப்பட்ட அறிவைத் தம் உழைப்பால் தமதாக்கிக்கொள்ளுதல் மாணவர் கடமையாகும்.