யமுனைப் பாலமும் சீனத்து இருப்புப்பாதையும்

மழைக்காலம் வந்துவிட்டால் மயூர் விஹாரில் வாழ்வோர் செய்திகளில் ஓர் எண்ணைக் கவனிக்கத் தொடங்குவர். பழைய இரும்புப் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் எவ்வளவு என்பதே அது. 205.33 மீட்டரைத் தாண்டினால் அபாயம். 2023 ஜூலையில் அது 208.66 மீட்டரை எட்டியது. ஆற்றையொட்டிய தாழ்நிலங்களில் வாழ்ந்த குடும்பங்கள் மயூர் விஹார்ச் சாலையோரங்களில் கூடாரமிட்டுத் தங்கின.

நீரை அளப்பதற்காக அப்பாலம் கட்டப்படவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த இருப்புப்பாதையைத் தில்லி நகருக்குள் கொண்டு செல்வதற்காகக் கட்டப்பட்டு, 1866ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் மேல்தளம் தொடர்வண்டிகளுக்காக அமைக்கப்பட்டது. கீழ்த்தளம் பிற வண்டிகளுக்காக அமைக்கப்பட்டது. கட்டியது கிழக்கிந்திய இருப்புப்பாதை நிறுவனம். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் ரோலண்ட் மக்டொனால்டு ஸ்டீபன்சன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். நீராவி வண்டியால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன் வேறொருவர்.

பாலம் திறக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ரோலண்ட் ஸ்டீபன்சனின் கருத்து வேறொரு நாட்டின்மீது சென்றிருந்தது. 1864இல் சீனத்தில் இருப்புப்பாதைகள் அமைப்பது பற்றி அவர் எழுதிய சிறுநூல் இலண்டனில் வெளிவந்தது. யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஹான்கோவ் நகரை நடுவாகக் கொண்டு அவர் திட்டம் வகுத்தார். கிழக்கே ஷாங்காய்க்கு ஒரு பாதை, தெற்கே காண்டனுக்கு ஒரு பாதை, மேற்கே யுன்னான் வழியாக இந்தியாவரை ஒரு பாதை எனக் கோடுகள் நீண்டன. இந்தியாவில் நடந்தது சீனத்திலும் நடக்கும் என்று அவர் எண்ணினார் போலும்.

அவ்வாறு நடக்கவில்லை. இந்தியாவில் முடிவெடுத்தவர்கள் அந்நிய ஆட்சியாளர்கள். 1856 ஜூலை 1ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி புறப்பட்டது. அப்பாதையை அமைத்த நிறுவனத்தில் பணம் போட்ட ஆங்கிலேயருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. வருவாய் குறைந்தால் அக்குறையை இந்திய மக்களின் வரிப்பணம் ஈடுகட்டியது. இயந்திரங்களும் தண்டவாளங்களும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே கப்பலில் வந்தன. வண்டி ஓடியது, அதைச் செய்யும் கலை நெடுங்காலம் இங்கு வேரூன்றவில்லை.

சீனப் பேரரசோ இருப்புப்பாதையை வேண்டாம் என்றது. 1860இல்தான் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் நகருக்குள் புகுந்திருந்தன. அடுத்த முறை அவை தொடர்வண்டியில் வந்துவிடும் என்று அரசவையினர் அஞ்சினர். படகோட்டிகளும் வண்டியோட்டிகளும் பிழைப்பை இழப்பர், வயல்களிலுள்ள முன்னோர் கல்லறைகள் சிதைக்கப்படும் என்ற கவலைகளும் இருந்தன. இவற்றை வெறும் அறியாமை என்று தள்ளிவிட இயலாது. சாலை போடுவதாகச் சொல்லி நிலம் வாங்கிய அயல்நாட்டு வணிகர்கள், 1876இல் ஷாங்காயிலிருந்து வூசோங் வரை இருப்புப்பாதையையே அமைத்துவிட்டனர். சீன அரசு அதை விலைகொடுத்து வாங்கி, மறு ஆண்டே தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தது.

மாற்றம் நிலக்கரியிலிருந்து தொடங்கியது. கப்பல்களுக்கும் ஆலைகளுக்கும் நிலக்கரி தேவைப்பட்டது. அதனால் அமைச்சர் லீ ஹோங்சாங்கின் ஆதரவுடன் 1881இல் தாங்ஷான் சுரங்கத்தருகே சுமார் பத்துக் கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. நீராவி இயந்திரத்திற்கு ஒப்புதல் இல்லாமையால், முதலில் கோவேறு கழுதைகளே அதில் வண்டிகளை இழுத்தன. பின்னர், கிடைத்த பழைய இரும்புப் பாகங்களைக் கொண்டு ஓர் இயந்திரம் அங்கேயே செய்யப்பட்டது.

இதற்கிடையே சீன அரசு 120 சிறுவர்களைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. 1872இல் புறப்பட்ட முதல் குழுவில் ஜான் தியென்யோ என்னும் பதினொரு வயதுச் சிறுவனும் இருந்தான். அவர் யேல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1881இல் நாடு திரும்பினார். ஆனால் இருப்புப்பாதை கற்றவரைக் கடற்படைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டனர்! 1888இல்தான் அவருக்கு உரிய பணி கிடைத்தது.

1905இல் பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலைகளின் ஊடே சுமார் 200 கிலோமீட்டர் பாதை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அயல்நாட்டுக் கடனும் இல்லை, அயல்நாட்டுத் தலைமைப் பொறியாளரும் இல்லை. செங்குத்தான சரிவில் வண்டி நேராக ஏற இயலாது. எனவே அவர் பாதையை மலைச்சரிவில் ஒரு பக்கமாக ஏற்றி, ஓரிடத்தில் நிறுத்தி, அங்கிருந்து எதிர்த்திசையில் திருப்பினார். முன்னும் பின்னும் இயந்திரம் பூட்டிய வண்டி, முன்னோக்கி ஏறிப் பின்னோக்கிச் சென்று மலையைக் கடந்தது. மேலிருந்து நோக்கினால் அப்பாதை, 'மனிதன்' என்று பொருள்படும் சீன எழுத்தைப் போலத் தோன்றும். 1909இல், குறித்த காலத்திற்கு முன்பே பணி நிறைவேறியது.

ஸ்டீபன்சன் வரைந்த கோடுகளுள் சில பிற்காலத்தில் உண்மையாயின. காண்டன்–ஹான்கோவ் பாதை 1936இல் முழுமை பெற்றது. யுன்னான் வழியாக இந்தியாவுக்கு வரவேண்டிய பாதை மட்டும் இன்றுவரை போடப்படவில்லை.