வீட்டுச் சோப்புக்கு வாங்கும் எண்ணெய்: சோதிக்கவும் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு

குழந்தையின் தோலுக்குக் கடைச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சோப்பு செய்யத் தொடங்கியவர்கள் பலர். அதையே வருமானமாக்கிக்கொண்ட பெண்களும் உண்டு. காஸ்டிக் சோடாவைக் கையில் எடுக்கும்போது கையுறை, கண்ணாடி என்று கவனமாக இருப்பவர்களும், எண்ணெயைக் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி வாங்கிவிடுகிறார்கள். ஆபத்து நுழையும் வழி அதுதான்.

கணக்கு எங்கே பிசகுகிறது?

சோப்பாக மாறுவதற்கு ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒவ்வோர் அளவு காஸ்டிக் சோடா தேவை. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், பாமாயிலுக்கு 0.141, விளக்கெண்ணெய்க்கு 0.128. அப்படியானால் 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 91.5 கிராம் வேண்டும். பாதுகாப்புக்காக 5 சதவீதம் குறைத்து 87 கிராம் போடுகிறோம். அந்த எண்ணெயில் 100 கிராம் லிக்விட் பாரபின் கலந்திருந்தால் என்ன ஆகும்? அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படுவது. சோப்பாக மாறவே மாறாது. மீதி 400 கிராம் எண்ணெய்க்கு 73 கிராமே போதும். எஞ்சிய 14 கிராம் காரம் சோப்பிலேயே நிற்கும். தோல் சிவந்து எரியும், வெடிக்கும். கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

தேங்காய் எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள், ஃப்ரீசர் வேண்டாம். சுத்தமான எண்ணெய் வெள்ளையாக உறையும். உறையாமல் தனி அடுக்காக ஏதாவது நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் பாம் கெர்னல் எண்ணெய் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து உறைந்துவிடும். அதனால் இந்தச் சோதனையில் தேறியதாலேயே எண்ணெய் சுத்தம் என்று முடிவு கட்ட முடியாது.

காறல் வாடை அடிக்கும் எண்ணெய் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் செய்த சோப்பில் நாளடைவில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றும், நாற்றமும் வரும். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் காறும். தேங்காய் எண்ணெய் தாங்கும்.

சுத்திகரிக்காத ஷியா பட்டர் தந்த நிறத்தில், லேசான கொட்டை மணத்துடன் இருக்கும். வெள்ளையாக, மணமே இல்லாமல் இருந்தால் அது சுத்திகரித்தது. சோப்புக்கு அதுவும் ஆகும், ஆனால் சுத்திகரிக்காதது என்று சொல்லி அதை விற்பது ஏமாற்று. ஷியா பட்டர் மணல்மணலாக இருப்பது மெதுவாகக் குளிர்ந்ததால் வருவது, கெட்டுப்போனதன் அடையாளமல்ல. கோகோ பட்டர் வெளிர் மஞ்சளாக இருக்கும், படக்கென்று உடையும். நம் இலுப்பை எண்ணெய் குளிரில் வெண்ணெய்போல் உறைவது இயல்பு.

லேபிளில் தேங்காய்ப் படம் இருந்தால் போதாது. உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். கூந்தல் எண்ணெயில் மினரல் ஆயில் இருக்கலாம். விளக்கேற்றும் எண்ணெய் பெரும்பாலும் கலவை. அதன் காஸ்டிக் கணக்கை யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் சோப்புக்கு ஆகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உண்டு. மாநில அரசு விலக்கு அளித்தால் மட்டுமே விற்கலாம். ஆகவே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், பேட்ச் எண், தேதி, தயாரிப்பாளர் முகவரி உள்ள பாக்கெட்டையே கேளுங்கள். சந்தேகம் இருந்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம். அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் தரமற்றது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இந்தச் சட்டம் உணவுக்கானது. ஷியா பட்டர் போன்ற அழகுசாதன மூலப்பொருளில் ஏமாந்தால், நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். சோப்பு விற்பவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

விற்பவருக்குக் கடமையும் உண்டு. குளியல் சோப்பு தயாரித்து விற்க, அழகுசாதன விதிகள் 2020-இன்படி உரிமம் பெற வேண்டும். ஒவ்வொரு முறையும் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்த பிறகே சோப்பைக் கைமாற்றுங்கள்.

பில் இல்லாமல் எண்ணெய் வாங்காதீர்கள். ஒவ்வொரு டின்னிலிருந்தும் 100 மில்லி எடுத்து, தேதியும் பேட்ச் எண்ணும் ஒட்டி, அந்த எண்ணெயில் செய்த சோப்பு தீரும்வரை பாதுகாத்து வையுங்கள். யாருக்காவது தோலில் பாதிப்பு வந்தால், தவறு செய்முறையிலா எண்ணெயிலா என்பதை அந்தச் சிறு புட்டியை வைத்துத்தான் நிரூபிக்க முடியும்.