ஐதாக்கலும் வன்னித் தேக்கும்

நெருங்கி வளர்ந்த இளங்காட்டில் சில மரங்களை வெட்டியெடுத்து, எஞ்சியவை பருக்க இடம்விடுவதே ஐதாக்கல். ஆனையிறவின் உப்புவெளிக்குத் தெற்கே, வன்னியின் முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் தேக்கந்தோட்டங்களுக்கு இது தவிர்க்க முடியாத வேலை.

தேக்கை வேண்டுமென்றேதான் நெருக்கி நடுகிறார்கள். இரண்டரை மீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேயரில் 1,600 கன்றுகள் நிற்கும். நெருக்கத்தில் தண்டு நேராக ஓடும், பக்கக்கிளை உதிரும், களையும் அடங்கும். சில ஆண்டுகளில் தலைகள் முட்டிக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தேக்கு நிழல் தாங்காது. மேலிருந்து வெயில் கிடைக்க மரம் உயர்ந்துகொண்டே போகும்; கீழிலைகள் சாகும். இலைகள் ஆக்கும் உணவு தண்டைப் பருக்க வைப்பதற்குக் கடைசியாகவே போய்ச் சேர்கிறது. அதனால் நெருங்கிய தோட்டம் உயரத்தில் குறை காட்டாது, சுற்றளவில்தான் காட்டும்.

விட்டுவிட்டால் காடு தன்னைத்தானே ஐதாக்கிக்கொள்ளும். ஜப்பானிய ஆய்வாளர் யோடாவும் குழுவினரும் 1963இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தனர்: முழு நெருக்கத்தில் வளரும் கூட்டத்தில் எண்ணிக்கை பாதியாகும்போது, எஞ்சியவற்றின் சராசரி எடை ஏறத்தாழ 2.8 மடங்காகியிருக்கும். ஆனால் தோற்கும் மரம் சாக ஆண்டுகள் எடுக்கும். அதுவரை வெல்லும் மரத்தின் தண்ணீரையும் அது குடித்துக்கொண்டிருக்கும்.

வன்னியில் எல்லாம் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி முதல் புரட்டாதி வரை நிலம் காயும். ஐதாக்கிய தோட்டத்தில் இலைகளில் தங்கி ஆவியாகும் மழை குறைந்து, நிலத்தை அடையும் மழை கூடுகிறது. அந்த ஈரத்தைப் பங்கிடும் வேர்களும் குறைவு. மண்ணில் ஈரம் நீடித்தால் தேக்கின் இலையுதிர்வு பிந்தும். இலை நிற்கும் ஒவ்வொரு கிழமையும் தண்டுக்குக் கூடுதல் வளர்ச்சி.

ஆனால் ஐதாக்கலால் தோட்டத்தின் மொத்த மரக்கனம் பெருகிவிடாது. மண்ணும் மழையும் தரக்கூடிய அதே வளர்ச்சி, பல மெல்லிய கம்புகளில் சிதறாமல் சில தடித்த தண்டுகளில் சேர்கிறது. கதவுநிலைக்கும் தளபாடத்துக்கும் வேண்டிய வைரம் தடித்த தண்டில்தான் போதிய அளவு கிடைக்கும். முதலில் வெட்டிய கம்புகள் வேலிக்கும் பந்தலுக்கும் உதவும். அவற்றின் இலையையும் சிறு சுள்ளியையும் தோட்டத்திலேயே பரப்பிவிட்டால் சத்து மண்ணுக்குத் திரும்பும். அடிமரத்தோடு குவித்தால் கோடையில் தீக்கு இரையாகும்.

காலம் தவறிய ஐதாக்கல் பயன் தராது. தலை சுருங்கிப்போன மரத்துக்குக் கிடைத்த வெளியை நிரப்பும் வலு இல்லை, காற்றிலும் சாயும். ஒரே தடவையில் அளவுமீறி வெட்டினால் இலுக்கு, நாயுண்ணி போன்ற களைகள் ஏறும், தண்டிலிருந்து பக்கத்துளிர் வெடிக்கும். வெட்டிய அடிக்கட்டைகளும் தளிர்த்துத் தண்ணீர் கேட்கும். அவற்றைத் தட்டிவிட வேண்டும்.

பாலை, வீரை, முதிரை நிற்கும் இயற்கைக் காட்டின் நிலை வேறு. அங்கே நெருக்கமே பல கன்றுகளுக்கு நிழல், காய்ந்து நிற்கும் மரமே பறவைகளுக்குப் பொந்து. தேக்கந்தோட்டத்துக்கு வகுத்த கணக்கைக் கொண்டு அந்தக் காட்டில் கத்தி வைக்கக் கூடாது.