தினமும் நடந்தும் எடை ஏன் குறையவில்லை?

கோலா தெர்லாவில் காலை ஏழு மணி. பனிமூட்டம் இன்னும் சரிவுகளை விட்டு விலகவில்லை. குளிர்ச்சட்டை அணிந்த ஓர் அம்மா மேட்டுச் சாலையில் வேகமாக நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக ஒரு நாளும் தவறவில்லை. சோற்றைக் குறைத்துக் கீரையையும் காய்கறியையும் கூட்டிவிட்டார். ஆனாலும் எடை இயந்திரத்தின் முள் அசைய மறுக்கிறது. “யாருக்கும் தெரியாம சாப்பிடுறீங்களாம்மா?” என்று வீட்டில் கேலி வேறு!

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டும் முன், உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், வாருங்கள்.

ஒரு கோப்பையின் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 100 கிலோகலோரி ஆற்றல் செலவாகும். ஒரு கோப்பை தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி டின்பால் ஊற்றினால், அந்தப் பாலில் மட்டும் சுமார் 130 கிலோகலோரி இருக்கிறது. நடந்து முடித்து, பசியாறும்போது குடிக்கும் ஒரே கோப்பை அந்த நடையின் கணக்கைத் தீர்த்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலோருக்கு ஒரு நாளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் இதயம், மூளை, கல்லீரல் முதலியவற்றை இயக்கவே செலவாகிறது. தூங்கும்போதும் இந்தச் செலவு நிற்பதில்லை.

ஹட்சா மக்கள் தந்த ஆச்சரியம்

தான்சானியாவில் வாழும் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள். அவர்கள் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறார்கள் என்று ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்தனர்.

எப்படி அளந்தார்கள்? கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும், மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். சிறுநீரைச் சோதித்து இரண்டின் வேறுபாட்டைக் கண்டால், உடல் எவ்வளவு எரித்தது என்று தெரிந்துவிடும்.

2012இல் முடிவு வெளியானது. உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, ஹட்சா மக்களின் அன்றாட ஆற்றல் செலவு, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் மேலைநாட்டவரின் செலவைப் போலவே இருந்தது! உழைப்பு கூடும்போது உடல் வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். வருமானம் கூடாத வீட்டில், ஒரு செலவு ஏறினால் அம்மா இன்னொன்றைக் குறைப்பதில்லையா? அதுபோலத்தான்.

பட்டினியை உடல் மறப்பதில்லை

அப்படியானால் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்துவிடலாமா? அமெரிக்காவில் எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தனர். பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஓய்வில் அவர்கள் உடல் எரித்த ஆற்றலோ, எதிர்பார்த்த அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைவாக இருந்தது. 2016இல் வெளியான ஆய்வு இது.

கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்னும் ஹார்மோனும் குறையும். உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிப் பசியைத் தூண்டும். பஞ்ச காலத்தில் நம் முன்னோரைக் காப்பாற்றிய ஏற்பாடு இது. அதை மன உறுதி இல்லாமை என்று பழிப்பது நியாயமில்லை.

இயந்திரம் காட்டாதது

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரின் உடல் நிறைக் குறியீடும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிற்கு 21.2 சதவீதம்! 2004இல் ‘லான்செட்’ இதழில் இருவரும் தங்கள் படத்துடன் இதை வெளியிட்டனர். ஒரே குறியீட்டில் தெற்காசியருக்குக் கொழுப்பு கூடுதலாக, அதிலும் வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. நீரிழிவு நம்மவரை விரைவில் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலேசியாவில் 2023இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 சதவீதத்தினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். ஆக, அந்த அம்மா தனி ஆள் இல்லை.

நடப்பது வீணா?

இல்லவே இல்லை. இயங்கும் தசை இன்சுலின் உதவியில்லாமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எடை மாறாவிட்டாலும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறையலாம். குறைத்த எடை திரும்பாமல் காக்கவும் உடற்பயிற்சி உதவும். எனவே அம்மா நடக்கட்டும். இனிப்புப் பானத்தை மட்டும் ‘தே ஓ கோசோங்’ ஆக மாற்றிப் பார்க்கட்டும். அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தைராய்டு சுரப்புக் குறைவும் சில மருந்துகளும்கூட எடையைப் பிடித்துவைக்கும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வளரும் வயதினர். உயரம் கூடும்போது எடையும் கூடத்தான் வேண்டும். பசியாறாமல் பள்ளிக்குப் போவது எடை குறைக்கும் வழியன்று. தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாடுங்கள். எட்டு மணி நேரமாவது தூங்குங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் உயரத்திற்கு ஒரு கயிற்றை வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றுங்கள். இரு முனையும் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாவிட்டால், உணவிலும் இயக்கத்திலும் கவனம் தேவை என்று பொருள். அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கும் ஒரு கயிறு வெட்டிக் கொடுங்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். இயந்திரத்தின் முள் சொல்லாத நல்ல செய்தியை அந்தக் கயிறு சொல்லக்கூடும்.