சாறு மருந்தாகும் வரை

தாவரங்கள் உணவாவதோடு மருந்தாகவும் பயன்படுகின்றன. எனினும், ஒரு செடியின் சாறு ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களை அழித்தது என்பதனாலேயே அது புற்றுநோய் மருந்தாகிவிடாது. கண்ணாடித் தட்டில் வளரும் செல்லைச் செறிந்த உப்புக்கரைசலும் அழித்துவிடும். நோயாளியின் உடல் தாங்கும் அளவில் நோயை ஒடுக்குவதே மருந்தாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைப் பெருங்குடல் புற்றுநோய் மருந்தான இரினோடீகனின் வரலாறு காட்டுகிறது.

பட்டையும் மூலக்கூறும்

1950களில் அமெரிக்க வேளாண் துறை அறிஞர்கள், கார்ட்டிசோன் மருந்து செய்ய உதவும் மூலப்பொருளைத் தாவரங்களில் தேடினர். அதற்கெனத் திரட்டிய சாறுகள் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சோதனைக்கும் அனுப்பப்பெற்றன. அவற்றுள், சீனர்கள் 'மகிழ்ச்சி மரம்' என வழங்கும் மரத்தின் சாறு புற்றுநோய்க்கு எதிராக வினைபுரிந்தது.

ஒரு சாற்றில் எண்ணற்ற வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணி ஆகியோர் தம் குழுவினருடன் அச்சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு கூற்றையும் சோதித்து, வினையுள்ளதை மட்டும் மீண்டும் பிரித்தனர். இவ்வாறு கிடைத்த கேம்ப்டோதெசின் என்னும் மூலக்கூற்றின் அமைப்பை 1966இல் வெளியிட்டனர்.

தோல்வி தந்த பாடம்

கேம்ப்டோதெசின் நீரில் எளிதில் கரையாது. எனவே, அதனைக் கரையும் உப்பாக மாற்றி நோயாளிகளுக்குச் செலுத்தினர். அம்மாற்றத்தால் மூலக்கூற்றின் வளையம் ஒன்று திறந்து, அதன் ஆற்றல் குறைந்தது. சிறுநீர்ப்பையிலோ அது கடும் புண்ணை உண்டாக்கியது. 1970களில் அச்சோதனைகள் கைவிடப்பட்டன.

1985இல் அதன் செயல்முறை தெளிவாயிற்று. செல் பிரியும்போது டி.என்.ஏ. இழையில் முறுக்கு ஏறும். டோபோஐசோமரேஸ் என்னும் நொதி ஓர் இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டும். கேம்ப்டோதெசின் அவ்வாறு ஒட்டவிடாமல் தடுப்பதால், பெருகும் செல் மடிகிறது. ஜப்பானிய அறிஞர்கள் மூலக்கூற்றைத் திருத்தியமைத்து, நீரில் கரையும் இரினோடீகனை உருவாக்கினர். 1996இல் அமெரிக்கா அதனைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏற்றது. இன்றும் அது வயிற்றுப்போக்கையும் வெள்ளணுக் குறைவையும் உண்டாக்குவதால், மருத்துவர் அளவறிந்தே தருகிறார்.

தெரிந்து தெளிவோம்

சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய வேதியியல் அறிஞர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதாபோடைட்டஸ் என்னும் மரத்திலும் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972இல் விசுவநாதனுடன் இணைந்து வெளியிட்டார். மருந்துத் தேவைக்காக வெட்டப்பட்டதால் அம்மரம் இன்று அருகி வருகிறது.

சோதனையே சான்று

மூலக்கூற்றின் அமைப்பு அறியப்பட்டது முதல் மருந்து ஏற்கப்பட்டது வரை 30 ஆண்டுகள் கடந்தன. மரப்பட்டையில் மருந்துக்கான வித்து இருந்தது. பிரித்தல், அளவிடல், திருத்துதல், மனிதரிடம் சோதித்தல் ஆகியன அதனை மருந்தாக்கின. பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டறிந்தால் அறுவை மருத்துவத்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். சோதிக்கப்படாத சாற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் இழப்பது அந்த அரிய காலத்தையே. செடியின் ஆற்றலைப் போற்றுவோர் அதனைச் சோதித்தறியும் பொறுமையையும் போற்றுதல் வேண்டும்.