குழு நோட்டு நனையாமல் இருக்க: பழைய குடையில் கைப்பைக்கு ஒரு மழை உறை



ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நமக்கு ரெண்டு கவலை. ஒன்று வீட்டுக் கூரை. இன்னொன்று குழு நோட்டுகள். நம் மாநிலத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. ஆனால் குழுக் கூட்டமும், வங்கிக்குப் போவதும் மழைக்காக நிற்பதில்லை.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். வங்கிக்குப் போன ஊக்குநரும் பிரதிநிதியும் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது நல்ல மழை. ஆளுக்குக் குடை இருந்தது, பைக்கு இல்லை. வீட்டில் வந்து திறந்து பார்த்தால் கடன் பேரேட்டில் மை கரைந்து ரெண்டு பக்கம் நீலமாகிக் கிடந்தது. "நான் 500 கட்டினேன்", "இல்லக்கா, 300தான்" என்று இரண்டு பேருக்குள் பேச்சு முற்றிவிட்டது. தனிநபர் பாஸ் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரி செய்வதற்குள் மூன்று கூட்டம் போய்விட்டது. பணம் போகவில்லை, ஆனால் நம்பிக்கை கொஞ்சம் ஆடிப் போனது. அதற்குப் பிறகுதான் இந்த உறையைத் தைத்தோம்.

கேரி பையைச் சுற்றிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். 2019 ஜனவரி 1 முதல் அந்தப் பைகளுக்கு நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. அதோடு, அது காற்றில் பறக்கும், சீக்கிரம் கிழியும். வீட்டு மூலையில் கம்பி உடைந்து கிடக்கும் பழைய குடையே நமக்குப் போதும்.

தேவையான பொருட்கள்

* பெரிய குடை ஒன்று (கம்பி நீளம் 24 இன்ச் அளவில்)
* வெல்க்ரோ பட்டை, 8 இன்ச்
* பாலியஸ்டர் நூல், ஊசி அல்லது தையல் மெஷின்
* வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்று

முதலில் துணியைச் சோதியுங்கள். குடைத்துணியைக் குழிவாகப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் அடியில் சொட்டாவிட்டால் நல்ல துணி. சொட்டினால் அந்தக் குடை வேண்டாம். கிழிந்த மழைக்கோட்டு இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

அளவு எடுப்பது எப்படி?

அகலம்: பையின் அகலம் + பையின் தடிமன் + 4 இன்ச்.
நீளம்: பையின் உயரம் இரண்டு மடங்கு + தடிமன் + 6 இன்ச்.

உதாரணமாக, 12 இன்ச் அகலம், 10 இன்ச் உயரம், 4 இன்ச் தடிமன் உள்ள பைக்கு 20 இன்ச் அகலமும் 30 இன்ச் நீளமும் உள்ள துணி வேண்டும்.

செய்முறை

1. கம்பி நுனிகளிலும் நடுவிலும் உள்ள நூலை அறுத்துத் துணியைக் கழற்றுங்கள். கம்பி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணியை அலசி நிழலில் காய வையுங்கள்.

2. குடையின் நடுவில் ஓட்டை இருக்கும். அது பையின் உச்சியில் வரக் கூடாது. அதனால் 30 இன்ச் நீளத்தை, ஓட்டையிலிருந்து ஒரு பக்கம் 11 இன்ச், எதிர்ப்பக்கம் 19 இன்ச் என்று தள்ளி வைத்துக் குறியுங்கள். 11 இன்ச் பக்கம் நம் உடம்போடு ஒட்டும் பக்கம். ஓட்டை அங்கே போய்விடும்.

3. அளவுக்கு வெட்டி, நான்கு ஓரத்தையும் அரை இன்ச் மடித்துத் தையுங்கள். குண்டூசி குத்தாதீங்க, ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. துணி காயப் போடும் கிளிப் போட்டுப் பிடியுங்கள். தையல் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.

4. மிச்சத் துணியில் 3 இன்ச் வட்டம் வெட்டி, ஓட்டையின் மேல் ஒட்டுப் போட்டு இரண்டு சுற்று தையுங்கள்.

5. இந்த உறை பையின் மேல் சேணம் போலக் கிடக்கும். தோள் பட்டைக்கு அடியில் நுழைத்து முன்னும் பின்னும் தொங்க விட வேண்டும். அதனால் பக்கங்களை மூடித் தைக்கக் கூடாது, தைத்தால் பட்டை நுழையாது. முன்பக்க ஓரம் பின்பக்க ஓரத்தின் மேல் ஏறி நிற்குமாறு, ஒரு பக்கத்துக்கு இரண்டு இடத்தில் 2 இன்ச் வெல்க்ரோ வைத்துத் தையுங்கள். பட்டை வெளியே வர, மேலே 2 இன்ச் விட்டுவிடுங்கள்.

6. எல்லாத் தையல் மேலும், குடையின் பழைய தையல் மேலும், உள்ளும் வெளியும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து விரலால் நீவி விடுங்கள். தையல் துளை அடைபடும். இஸ்திரி போடாதீங்க, துணி பொசுங்கிவிடும்.

பட்டை வழியாகத் தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கும். உறைக்குச் சற்று மேலே பட்டையில் ஒரு சிறு துணியைக் கட்டி, நுனியை உறைக்கு வெளியே தொங்க விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சோதித்துப் பார்த்த பிறகே நோட்டை வையுங்கள்

பைக்குள் பழைய செய்தித்தாளை வைத்து, உறை போட்டு, மேலிருந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தாள் நனைந்த இடத்துக்கு நேரே உள்ள தையலில் மறுபடி மெழுகு தேயுங்கள். மெழுகு தேய்ந்து போகும், அதனால் மழைக்காலம் தொடங்கும்போது வருடா வருடம் ஒருமுறை தேய்க்க வேண்டும். நனைந்த உறையை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உதறிக் காய வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். கணக்கை பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். மைப் பேனாவும் பல ஜெல் பேனாக்களும் தண்ணீர் பட்டால் கரையும். அப்படியும் நோட்டு நனைந்துவிட்டால், ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காதீங்க. பிரியும் பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து, ஈரமான தாளை மாற்றி மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

குழுவில் மெஷின் வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருந்தால், எல்லோரும் பழைய குடையைக் கொண்டு வந்து ஒரே நாளில் தைத்துக்கொள்ளலாம். முதல் உறை நோட்டு சுமக்கும் பைக்கு இருக்கட்டும். அதில் இருப்பது ஒருவர் பணம் இல்லை, நம் எல்லோருடைய உழைப்பும்.